பதினேழு சோதனைப் பயணிகளும் ஓர் அருவாமனையும்

ஆட்டையாம்பட்டிக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் உள்ள கல்லாங்காட்டில் 1984-ஆம் ஆண்டு ஒரு விமான நிலையத்தைத் திறந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் சென்னையிலிருந்து பதினெட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று வந்து, அரை மணி நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும். அதைப் பார்க்க இருநூறு பேர் வருவார்கள். ஏற நான்கு பேர் வருவார்கள். இந்த நான்கு பேரையும் ஆகாயக் கடத்தல்காரர்களிடமிருந்து காப்பாற்ற அரசாங்கம் ஒரு காவல் படையை அமைத்தது.

படை என்றால் கான்ஸ்டபிள் ஆண்டி. பயணிகளின் பையைத் திறந்து பார்ப்பவர் அவர் ஒருவர்தான். ஆண்டி சரியாகப் பார்க்கிறாரா என்று பார்ப்பவர் ஏட்டு சென்னிமலை. சென்னிமலை சரியாகப் பார்க்கிறாரா என்று பார்ப்பவர் இன்ஸ்பெக்டர் பாலசுந்தரம். இன்ஸ்பெக்டரைச் சேலத்திலிருந்து ஒருவர் பார்த்தார். அவரைச் சென்னையிலிருந்து ஓர் அலுவலகமே பார்த்தது. 'விமானப் பயணப் பாதுகாப்புக் காவலர் மேற்பார்வைப் பிரிவு' என்பது அதன் பெயர். பெயர்ப் பலகைக்கு ஒரு சுவர் போதாமல் மூலை திரும்பி அடுத்த சுவரிலும் எழுதியிருந்தார்களாம். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் 'மேற்பார்வை' என்ற சொல் மட்டும் தவறாமல் கண்ணில் படும்.

சென்னிமலை அதற்கு முன் பதினொரு வருஷம் லாரி செக்போஸ்ட்டில் இருந்தவர். வண்டியின் பின்பக்கம் எத்தனை விரற்கடை தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தே எத்தனை மூட்டை அதிகம் என்று சொல்லிவிடுவார். அந்த நினைப்பில் முதல் நாளே ஒரு பயணியின் பெட்டியைத் தானே திறக்கப் போனார். இன்ஸ்பெக்டர் ஓடி வந்து தடுத்தார்.

"ஏட்டு, பையைப் பார்ப்பது வேலை. பையைப் பார்க்கிறவனைப் பார்ப்பது மேற்பார்வை. இரண்டையும் ஒரே ஆள் செய்தால் மேற்பார்வை கெட்டுப்போகும்."

"ஆண்டி ஒரு பையைப் பாக்காம உட்டுட்டா, நான் எடுத்துப் பாக்கலாமுங்களா?"

"கூடாது. அவன் பார்க்கவில்லை என்று நீ எழுத வேண்டும்."

"எழுதறதுக்குள்ள பிளேன் போயிருமுங்களே?"

"போகட்டும். எழுதினது எங்கே போகும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சென்னிமலை எழுத ஆரம்பித்தார்.

பயணிகள் நுழையும் இடத்தில் இரும்பு இருந்தால் கத்தும் ஒரு கதவுச் சட்டத்தை நிறுத்தியிருந்தார்கள். சுவரும் இல்லை, கதவும் இல்லை, சட்டம் மட்டும். ஊர்க்காரர்கள் அதன்முன் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து, வலது காலை எடுத்துவைத்து நுழைந்தார்கள். ஆயுத பூஜைக்கு ஆண்டி அதற்குப் பொட்டு வைத்து, மாவிலைத் தோரணத்தைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டினார். அன்றிலிருந்து யார் நுழைந்தாலும், யாரும் நுழையாவிட்டாலும், சட்டம் கத்தியது. 'பொதுமக்களிடையே வீண் பீதி ஏற்படுத்துவதால் கருவி நிறுத்திவைக்கப்படுகிறது' என்று இன்ஸ்பெக்டர் உத்தரவு போட்டார். தோரணத்தை அவிழ்க்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதற்குத் தனி உத்தரவு வேண்டும்.

இந்த நிலையில்தான் சென்னை அலுவலகம் சோதனைப் பயணிகளை அனுப்ப ஆரம்பித்தது. சோதனைப் பயணி என்பவர் போலீஸ் அதிகாரி. சாதாரண மனிதனைப் போல வேடம் போட்டுக்கொண்டு, கறுப்புச் சாயம் அடித்த மரத் துப்பாக்கி ஒன்றை ஒளித்து எடுத்துக்கொண்டு வருவார். பிடித்துவிட்டால் காவலருக்குப் பாராட்டு, பிடிபட்டவர் விமானம் ஏறாமல் திரும்ப வேண்டும். பிடிக்காவிட்டால் மேற்பார்வையாளருக்கு மெமோ.

முதல் சோதனைப் பயணி விவசாயி வேடத்தில் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத பச்சைத் தலைப்பாகை, தோளில் ஒரு கலப்பை.

"ஏனுங்க, பட்டணத்துல உழுகறதுக்குங்களா?" என்று கேட்டார் ஆண்டி.

"ஆம் ஐயா, நான் ஓர் ஏழை உழவன்" என்றார் வந்தவர்.

ஆண்டி கலப்பையை நுனி முதல் கைப்பிடி வரை தட்டிப் பார்த்து அனுப்பிவிட்டார். துப்பாக்கி தலைப்பாகைக்குள் இருந்தது. சென்னிமலைக்கு முதல் மெமோ.

இரண்டாமவர் சாமியாராக வந்தார். ஆண்டி விழுந்து கும்பிட்டு, நெற்றி நிறைய விபூதி வாங்கிக்கொண்டார். விபூதிப் பைக்கு அடியில்தான் துப்பாக்கி. சென்னிமலைக்கு இரண்டாவது மெமோ. மூன்றாவது வந்தால் ராமநாதபுரத்துக்கு மாறுதல் என்று அதிலேயே அச்சிட்டிருந்தது.

வீட்டில் மனைவி சௌந்திரத்திடம் விஷயத்தைச் சொன்னார்.

"எருமை ரெண்டும் செனையா நிக்குது. அத்தன தூரம் அதுங்களை ஓட்டீட்டுப் போக முடியுமுங்களா?" என்றாள் சௌந்திரம்.

"முடியாதுதான்."

"அப்ப நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. நான் எருமைகளோட இருந்துக்கறேன்."

இருபத்திரண்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில், அந்த வீட்டில் தன்னுடைய இடம் எத்தனையாவது என்பது சென்னிமலைக்கு அன்றுதான் திட்டமாகத் தெரிந்தது. எப்படியாவது கல்லாங்காட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

மூன்றாவது சோதனைப் பயணி எப்போது வருவார், எப்படி வருவார் என்று யோசித்து யோசித்து, கடைசியில் செக்போஸ்ட் மூளையே வேலை செய்தது. அடுத்த நாள் வரிசையில் நின்ற பயணிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, திடீரென்று "அட்டேன்ஷன்!" என்று கத்தினார். மூன்று பேர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பாத்திர வியாபாரி போல இருந்த நான்காமவரின் குதிகால்கள் மட்டும் டக்கென்று ஒட்டிக்கொண்டன. நெஞ்சு முன்னால் வந்தது. எவர்சில்வர் தூக்கைத் திறந்தால் உள்ளே மரத் துப்பாக்கி.

அதற்குப் பிறகு ஒருவரும் தப்பவில்லை. குடுகுடுப்பைக்காரர், நாடகக்காரர், கண் தெரியாதவர் என்று யார் வந்தாலும் ஒரே சத்தத்தில் குதிகால் சேர்ந்தது. கல்லாங்காட்டின் பெயர் சென்னையில் பரவியது. எங்கும் பிடிபடாதவர்கள் அங்கே பிடிபடுவதைப் பார்க்க அதிகாரிகளுக்கு ஆசை வந்தது. வாரத்துக்கு ஒருவர் வந்தது போய், மூவர் வந்தார்கள், ஏழு பேர் வந்தார்கள். சோதனைப் பயணிகளை மேற்பார்வை பார்க்க வேறு வேடத்தில் வேறு சிலர் வந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு டிக்கெட் கிடைக்காமல் போயிற்று. 'சேலம் வட்டார மக்களிடையே விமானப் பயண ஆர்வம் வேகமாக வளர்ந்துவருவதால் பெரிய விமானம் விடலாம்' என்று ஓர் அறிக்கையும் மேலே போயிற்று.

ஆனால் பிடிபட்ட அதிகாரிகளுக்கு மனம் நொந்துவிட்டது. அடுத்த சுற்றறிக்கையில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து 'அட்டேன்ஷன்' என்று கத்துவது சோதனைப் பயணிகளின் கௌரவத்தைக் குலைப்பதால் உடனே நிறுத்தப்பட வேண்டும். இரண்டு, இந்த மாதத்தில் ஒரு நாள், பிரிவின் தலைமை மேற்பார்வையாளரே, இன்னார் என்று எவராலும் கண்டுகொள்ள முடியாத வேடத்தில் வருவார். அவர் பிடிபடாமல் போனால் ஏட்டுக்கு ராமநாதபுரம் உறுதி.

"அவரு எப்பிடி இருப்பாருங்க?" என்று சென்னிமலை கேட்டார்.

"யாருக்குத் தெரியும்? நம்மைப் போன்றவர்கள் பார்க்கிற இடத்திலா அவர் இருக்கிறார்? ஒன்று மட்டும் சொல்கிறேன். மரத் துப்பாக்கி எல்லாம் கீழ்நிலை அதிகாரிகளுக்கு. அசல் ஆயுதத்தைக் கொண்டுவரும் அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான் உண்டு. விதி பதினான்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்த வெள்ளிக்கிழமை வரிசையில் பதினெட்டுப் பேர் நின்றார்கள். பதினேழு பேரின் செருப்பு புதுச்செருப்பு. பதினெட்டாவதாக நின்ற பாவாயிக்குச் செருப்பே இல்லை. அறுபது வயதிருக்கும். ராசிபுரம் பக்கத்துக் காட்டில் பண்ணையம் பார்ப்பவள். சென்னையில் மகளுக்கு இரண்டாவது பிரசவம், நாள் முன்னாலேயே நெருங்கிவிட்டதாகத் தந்தி வந்திருந்தது. ராத்திரி பஸ்ஸில் போனால் நேரமாகிவிடும் என்று, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருக்கும் மகன் ராசு எங்கெங்கோ சொல்லி இந்த ஒரு டிக்கெட்டை வாங்கியிருந்தான்.

ஆண்டி அவள் பையைத் திறந்தார். நெய் டப்பா. பிரசவ மருந்துப் பொட்டலம். அதற்கடியில் பழைய சேலையில் சுற்றி ஒன்று கனமாக இருந்தது. அவிழ்த்ததும் ஆண்டியின் குரல் மேலே போய்விட்டது.

"ஏட்டய்யா! அருவா!"

நல்ல புளியமரக் கட்டையில் அடித்த அருவாமனை. அன்று காலையில்தான் சாணை பிடித்திருந்தது. வெயில் பட்டு மின்னியது. பதினேழு பயணிகளும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி ஒரே நேரத்தில் குப்புறப் படுத்தார்கள்.

பாவாயி அவர்களைப் பார்த்தாள். "ஏஞ்சாமி, இத்தன பேருக்கும் மயக்கமுங்களா? அருவாமனையப் பாத்ததில்லீங்களா? புள்ள ஊட்டுல ஒண்ணு இருக்குதுங்க. கத்தரிக்காயே நசுங்குது. அதுதான் எடுத்துட்டுப் போறேன்."

இன்ஸ்பெக்டர் பாலசுந்தரம் அருவாமனையைப் பார்த்தார். மரமல்ல. அசல். அவருக்கு விதி பதினான்கு கண்முன் வந்தது. பயணிப் பட்டியலில் பெயரைப் பார்த்தார். பாவாயி! எவ்வளவு இயற்கையான பெயர்! அந்தப் பேச்சு, வளர்த்த காதில் தொங்கும் அந்தத் தண்டட்டி, வெடித்த அந்தக் குதிகால்! பதினேழு பேரும் பத்து ஜன்மம் எடுத்தாலும் இப்படி ஒரு வேடம் போட முடியுமா? இன்ஸ்பெக்டர் கால்களைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, பாவாயிக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

தரையில் கிடந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டரே சல்யூட் அடிக்கிறார் என்றால்? பதினேழு பேரும் எழுந்தார்கள். பதினேழு ஜோடிக் குதிகால்கள் டக்கென்று சேர்ந்தன. பதினேழு கைகள் நெற்றிக்குப் போயின. யாரும் கத்தாமலே எல்லோரும் பிடிபட்டுவிட்டார்கள்.

"கையை எல்லாரும் மண்டைக்கு வெச்சிருக்கீங்களே, தலவலீங்களா? சுக்கு வேணுமுன்னா இருக்குதுங்க" என்றாள் பாவாயி. பிறகு சென்னிமலையை உற்றுப் பார்த்தாள். "அட, நீங்க சௌந்திரத்து ஊட்டுக்காரருதானுங்களே? சந்தையில பாத்திருக்கேன். எருமை கன்னு போட்டுதுங்களா?"

சென்னிமலைக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. இவள் நிஜப் பயணி. அந்த விமான நிலையத்தில் மூன்று மாதத்துக்குப் பிறகு வந்திருக்கும் ஒரே நிஜப் பயணி.

உண்மையைச் சொன்னால், அசல் ஆயுதத்தோடு விமானம் ஏற வந்த குற்றத்துக்கு இவளைச் சேலத்துக்கு ஜீப்பில் ஏற்றுவார்கள். தனக்கோ தலைமை மேற்பார்வையாளரைப் பிடிக்காத குற்றத்துக்கு ராமநாதபுரம். சொல்லாவிட்டால், பிடிபட்ட அதிகாரி என்று விருந்தினர் மாளிகைக்குக் கூட்டிப்போய் மாலை போட்டு உட்காரவைத்துவிடுவார்கள். இரண்டில் எது நடந்தாலும் விமானம் போய்விடும். மகளுக்கு அங்கே வலி எடுத்துவிடும். அதற்குள் இன்ஸ்பெக்டர் "ஜீப்பை எடு, மாலைக்குச் சொல்" என்று ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, ஒரு சந்தேகமுங்க" என்றார் சென்னிமலை.

"என்ன?"

"தரையில நாம இத்தன பேரு மேற்பார்வை பாக்கறமுங்க. ஆகாயத்துல ஆருங்க பாக்கறது?"

இருபது வருஷ சர்வீஸில் இது இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியதில்லை.

"அம்மா அதுக்குத்தானுங்க வந்திருக்கறாங்க. இந்தப் பதினேழு பேரும் பிடிபட்டவங்க, ஏறக் கூடாது. அம்மாளை நாம நிறுத்தினா, மேலே நடக்கிறதை நாமளே மறைச்ச மாதிரி ஆகிப்போகுமுங்களே?"

"ஏற்று! உடனே ஏற்று!" என்றார் இன்ஸ்பெக்டர்.

அருவாமனைக்கு மட்டும் ரசீது எழுதிக் கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதினெட்டு இருக்கை விமானத்தில் பாவாயி ஒருத்தி ஏறி உட்கார்ந்தாள். அன்று சாயங்காலமே மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

விமானம் போன பிறகுதான் ஒரு விஷயம் வெளிப்பட்டது. பதினேழு பேரில் வெல்ல வியாபாரியாக வந்தவர் ஒட்டுமீசையைப் பிய்த்தெடுத்தார். அவர்தான் தலைமை மேற்பார்வையாளர். இடுப்பில் அசல் துப்பாக்கி இருந்தது. அவரும் சல்யூட் அடித்தவர்தான்.

"அப்படியானால் அந்த அம்மையார் யார் ஐயா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

தலைமை மேற்பார்வையாளர் வானத்தைப் பார்த்தபடி பேசினார். "எனக்கு மேலே யாரும் இல்லை என்றுதான் நியமன உத்தரவில் போட்டிருந்தார்கள். நான் அதை நம்பவே இல்லை பாலசுந்தரம். மேலே ஒருவர் இல்லாமல் ஒரு அரசாங்கம் நடக்குமா? காலையில் நான் பல் துலக்கும்போதுகூட யாரோ குறிப்பெடுப்பது போல இருக்கும். கீழே இருப்பவர்களை நான் பார்த்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம் என்ன தெரியுமா? பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதை அவர் பார்க்க வேண்டும். வேறு வேலை எனக்கு என்ன இருக்கிறது? இன்று அவரைப் பார்த்துவிட்டேன். நிம்மதியாக இருக்கிறது."

"டில்லிக்கு எழுதி விசாரிக்கலாமா ஐயா?"

"எனக்கு மேலே யார் என்று நானே கேட்டால், அது தெரியாமல் இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். பேசாமல் அருவாமனையைக் கண்ணாடிப் பெட்டியில் வை."

பதினெட்டுப் பேரையும் ஒரே நாளில் பிடித்ததற்காகச் சென்னிமலைக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. கூடவே சப்-இன்ஸ்பெக்டராகப் பதவி உயர்வு. ஊர், ராமநாதபுரம்.

"மெமோ வாங்கினவங்களத்தானுங்களே அங்க அனுப்புவீங்க?" என்றார் சென்னிமலை.

"ஆமாம். அவர்களைத் திருத்த ஒரு திறமைசாலி வேண்டாமா? அதற்குத்தான் உன்னை அனுப்புகிறோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

உத்தரவு வந்து சேர மூன்று மாதம் ஆனது. வரும் திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். அதற்குள் எருமைகள் இரண்டும் கன்று போட்டிருந்தன. சௌந்திரம் பெட்டியில் அவருடைய துணிகளை மட்டும் அடுக்கிவைத்திருந்தாள்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து வரும் விமானத்தின் பயணிப் பட்டியலில் பாவாயி என்ற பெயர் இருப்பதாகப் போன் வந்தது. கல்லாங்காடு பதறிவிட்டது. தலைமை மேற்பார்வையாளர் முதல் நாளே வந்து சேர்ந்து, சேலத்துக்காரர், இன்ஸ்பெக்டர், பழைய சோதனைப் பயணிகள் என்று எல்லோரையும் வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் வரிசையாக நிறுத்தினார். ஆண்டி மட்டும் பைகளைப் பார்க்கும் இடத்தில் இருந்தார். வேலை நடக்கும் இடத்தில் யாராவது இருக்க வேண்டுமல்லவா?

பாவாயி மகள் பெரியநாயகியோடு இறங்கினாள். பேத்தி தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். யாரோ மந்திரி வருகிறார் என்று நினைத்து பாவாயி ஓரமாக ஒதுங்கி நடந்தாள். வரிசையும் ஓரமாக நகர்ந்தது. தலைமை மேற்பார்வையாளர் பதிவேட்டோடு முன்னால் வந்தார்.

"தங்களுடைய மேலான கருத்து?"

"என்னத்தச் சொல்றதுங்க சாமி? இத்தன பேரு எதுக்குங்க வெயில்ல காயறீங்க? பையை அந்தத் தம்பி ஒருத்தருதானுங்களே பாக்கறாரு?"

எல்லாப் பேனாக்களும் எழுதின. பாவாயியின் கண் சென்னிமலை மேல் விழுந்தது.

"எருமை கன்னு போட்டுதுங்களா?"

"ரெண்டும் போட்டுதுங்க ஆத்தா. ரெண்டும் கெடேரிங்க."

"அப்பறம் என்னத்துக்குங்க மொகம் வாடிக் கெடக்குது?"

"என்னை ராமநாதபுரத்துக்கு மாத்திப்போட்டாங்க."

"இதென்னுங்க அநியாயம்! கன்னுக பால்குடி மறக்காத எப்பிடீங்க ஊட்டுக்காரரு போறது? சௌந்திரம் ஒருத்தியா என்ன பண்ணுவா? அதெல்லாம் ஒண்ணும் போக வேண்டாமுங்க."

"எழுதிக்கொள்," என்றார் தலைமை மேற்பார்வையாளர், பாலசுந்தரத்திடம் தணிந்த குரலில். "போக வேண்டாம்."

பாவாயி போகிற வழியில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். "அட, நம்ம அருவாமனை" என்று திறந்து எடுத்துச் சேலை முந்தானையில் சுற்றினாள். இருபது அதிகாரிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆண்டி ஒருவர்தான் குறுக்கே வந்தார்.

"ஆத்தா, அதைக் கொண்டுபோகக் கூடாதுங்க."

"பிளேன்லயா சாமி போறேன்? ஊட்டுக்கல்ல போறேன்."

ஆண்டி யோசித்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. வழி விட்டார். அன்று கல்லாங்காட்டில் ஒரு பாதுகாப்பு முடிவை எடுத்தவர் அவர் ஒருவர்தான். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

பாவாயி சொன்ன முதல் கருத்தின்படி, பையைப் பார்க்க ஒருவர் போதுமா என்று பார்ப்பதற்கு ஒன்பது பேர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. இரண்டாவது கருத்தின்படி, 'கிடாரிக் கன்றுகள் இரண்டும் பால்குடி மறக்கும்வரை' சென்னிமலையின் மாறுதல் நிறுத்திவைக்கப்பட்டது. கன்றுகளின் நிலை பற்றி மாதந்தோறும் அறிக்கை அனுப்ப வேண்டும். கன்றுகளைச் சௌந்திரம் பார்த்தாள். சௌந்திரம் பார்ப்பதைச் சென்னிமலை பார்த்தார். அதை இன்ஸ்பெக்டரும், அவரைச் சேலமும், சேலத்தைச் சென்னையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டன.

இரண்டு கன்றுகளும் வளர்ந்து எருமைகளாகி, அவையும் கன்று போட்டுவிட்டன. பதிவேட்டின்படி இன்னும் பால்குடி மறக்கவில்லை.